டிரைவர் லோட் ஆகலை

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது என் தொழில். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில், படுக்கையறையின் மூலைதான் என் ஸ்டூடியோ. பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் என் நாற்காலியை மேசைக்கடியில் தள்ள வேண்டும். என் கணவர் சட்டை எடுக்க வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன். ஒரு பெரிய முகூர்த்த நாள் போனால் அடுத்த மூன்று வாரத்துக்குக் கண்ணை மூடினாலும் மாலைதான், மேளம்தான், கேமராவைப் பார்த்ததும் ஐஸ்கிரீம் கரண்டியை மறைக்கிற மாமாக்கள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன். பழைய மெஷின் திணறிக்கொண்டிருந்தது, இதைப் போட்டதும் ஓட ஆரம்பித்தது, அவ்வளவுதான் காரணம். அப்புறம் விட மனம் வரவில்லை. அதற்காக அதன் உள்விவகாரமெல்லாம் எனக்குத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், இன்ஜினைத் திறந்து காட்டினால் எது என்னவென்று தெரியாது. அந்த மாதிரி.

அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தன் ஒரே பெண்ணின் கல்யாண வீடியோவை என்னிடம் கொடுத்திருந்தார். பெண் கல்யாணமான இரண்டாவது வாரமே மாப்பிள்ளையோடு வெளிநாடு போய்விட்டாள். நாலு மணிக்கு வந்து, வெட்டி ஒட்டிய முதல் வடிவத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. காபி குடிக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று, திரையின் ஓரத்தில் பல நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்த அப்டேட்டை அழுத்திவிட்டேன். நடுவில் அது ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். மெஷின் நின்று மறுபடி கிளம்பும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்து என்னமோ கேட்டது. ஒரு கையில் காபி. முதலில் இருந்த ‘தொடர்க’ என்பதைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்ப வந்து மாங்கல்ய தாரணத்தை ஓட்டினேன். மாப்பிள்ளை குனிந்தார். நெற்றியும் கண்ணும் முதலில் குனிந்தன, மீசை அரை நொடி கழித்துப் போய்ச் சேர்ந்துகொண்டது. திரையின் குறுக்கே ஒரு வெட்டு. அதற்கு மேலே ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம். பெண்ணின் தலை நாத்தனார் பக்கம் திரும்பியிருக்க, கழுத்து மட்டும் இன்னும் ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீடியோ ஓடுகிற ஜன்னலைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அது போன வழியெல்லாம் தன் அச்சை விட்டுக்கொண்டே போனது. இடது மூலையிலிருந்து வலது மூலை வரை வரிசையாகப் பத்து மாப்பிள்ளை. மெனுவைத் திறந்தால் அதைச் சுற்றி மெல்லிய நிழல் விழ வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று கரிப்பட்டை.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்துத்தான் நாலு மணி ஞாபகம் வந்தது.

ஜன்னல்களையெல்லாம் அடுக்கி, நிழல் சேர்த்து, ஒரே படமாகக் கோத்துத் திரைக்கு அனுப்புகிற ஒரு பகுதி உள்ளே இருக்கிறது. அதற்கு கம்பாசிட்டர் என்று பெயர். அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவரைச் சொல்கிற அதே பேர்தான். அந்தக் கம்பாசிட்டர் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்பது வரைக்கும் எனக்கே புரிந்தது. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. நான் சேர்ந்திருந்த சென்னை லினக்ஸ் குழு ஒன்றில் பத்து மாப்பிள்ளையையும் மொபைலில் படம் எடுத்துப் போட்டு, ‘தயவுசெய்து காப்பாற்றவும்’ என்று எழுதினேன். ஐம்பது பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். ஒரே ஒருவர் மட்டும், ‘அக்கா, டைப் அடிச்சினு இருந்தா பொழுது போயிடும், நம்பர் குடுங்க’ என்றார்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பேசியதும் தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்து வயசு இருக்கலாம். சொந்த ஊர் கோவளத்துப் பக்கம் கடலோரக் குப்பம், வீட்டில் எல்லாரும் மீன்பிடித் தொழில், இவர் மட்டும் கம்ப்யூட்டர். சனிக்கிழமை காலையில் முன்பின் தெரியாதவருக்கு உதவ உட்கார்ந்த மனிதர் குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“எல், எஸ், மோட். ஒண்ணா சேத்து அடிங்கக்கா. உள்ள யார் யார் வேலைக்கு வந்துகிறாங்கன்னு லிஸ்ட் குடுக்கும். படம் வரையற கிராபிக்ஸ் கார்டை ஓட்டற சாஃப்ட்வேரை டிரைவர்னு சொல்வோம், அது பேரு அதுல இருக்குதா பாருங்க.”

மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். “இல்லையே.”

“நெனச்சேன். டிரைவரே ஏறல. டிரைவர் இல்லாம வண்டி ஓடிகினு கீது. அதான் மாப்பிள்ளை பத்தா தெரியறாரு.”

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நான் வீடே கேட்கும்படி கத்தினேன். “அட! டிரைவர் லோட் ஆகலை! டிரைவர் லோடே ஆகலை!”

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, அமைதியான மனிதர். அந்த மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. டேங்கர் லாரிக்குப் போன் செய்வது, அது வந்ததா, எத்தனை லோடு கொட்டியது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்வது எல்லாம் அவர்தான். அன்றைக்குக் காலையில் வர வேண்டிய லோடு வந்துவிட்டதா என்று அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை. அடுக்களையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர் காதில் மிக்ஸி சத்தத்தோடு சத்தமாக இரண்டு வார்த்தைகள் விழுந்தன. டிரைவர். லோடு.

அவர் பால்கனிக்குப் போய் டேங்கர் கம்பெனிக்குப் போன் போட்டதும், வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் குரலை உயர்த்தியதும் எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த கட்டளையை அடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அப்டேட்ல புது கெர்னல் வந்துகீது. சிஸ்டத்துக்கு அதான் அஸ்திவாரம். அதுக்கேத்த மாதிரி டிரைவரையும் புதுசா கட்டி உள்ள அனுப்பப் பாத்துகீது. ஆனா மெஷினுக்கும் கேட்ல வாட்ச்மேன் மாதிரி ஒருத்தர் இருக்காரு பாருங்க, கையெழுத்து இல்லாத ஆளை உள்ள வுட மாட்டாரு. பூட் ஆகும்போது நீல ஸ்கிரீன் ஒண்ணு வந்துச்சா?”

நான் காபி டம்ளரை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

“வந்துச்சாக்கா?”

“வந்துச்சு.”

“இன்னா பண்ணீங்க?”

“காபி குடிச்சுக்கிட்டே என்டர் தட்டிட்டேன்.”

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நீலத் திரைதான் வாட்ச்மேனின் பதிவேடாம். அங்கே ‘சாவியைச் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, நாம் முன்னமே வைத்த பாஸ்வேர்டை அடித்தால் டிரைவருக்கு நிரந்தர அனுமதி. பத்து நொடிதான் நிற்கும். யாரும் தொடாவிட்டால் தன்பாட்டுக்குப் போய்விடும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும்.

மனுப் போட்டோம். புது பாஸ்வேர்டு வைத்தேன். மெஷினை அணைத்து ஏற்றினேன். “நீலம் வந்ததும் உடனே கீழ் அம்பு. கண்ணை எடுக்காதீங்க, நான் லைன்லயே கீறேன்” என்றார் அவர்.

அப்போதுதான் தெருமுனையில் டேங்கர் லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. எங்கள் பகுதிக்கு வருகிற லாரிக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு நாதஸ்வரத் துண்டு ஒலிக்கும். பாதி மெட்டில் சட்டென்று நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சென்னையில் எத்தனையோ டேங்கர் பார்த்திருக்கிறேன், இந்த அரைகுறை மெட்டு இந்த ஒரு லாரிக்குத்தான். அது என் ஜன்னல் வழியாகக் கேட்டது. அதே நேரத்தில் போன் வழியாகவும் கேட்டது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கின.

“தம்பி,” என்றேன், “உங்க தெருவுல இப்ப தண்ணி லாரி வருதா?”

“ஆமாக்கா…” அவர் இழுத்தார். “உங்க தெருவுலயுமா?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம். நான் பால்கனிக்கு வந்து பார்த்தால், சரியாக எதிர்ப் பிளாக்கில், மூன்றாம் மாடியில், தோளில் துண்டோடு ஒரு மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே லாரியைப் பார்க்கிறார். நிமிர்ந்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். போனில் பேசினால் கேட்கும் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

“இன்னாக்கா நீங்களா! உங்க ஊட்டு மாடித் துணியைத்தான் நான் தெனம் பாத்துகினு கீறேன்!” என்று கத்தினார். இப்படி ஒரு வாக்கியத்தைத் தெருவே கேட்கச் சொல்லிவிட்டோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின்னாலிருந்து அவர் மனைவி வந்து தலையில் ஒரு தட்டு தட்டினார். அந்த அம்மாவும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். மூன்று வருஷமாக எதிரும் புதிருமாக இருக்கிறோம். ஒரு நாளும் பேசியதில்லை.

கீழே வேறு கூத்து. லாரி டிரைவர் என் கணவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னா சார், காலீல ஆறு மணிக்கே உங்க சம்ப்ப ரொப்பிட்டுதான போனேன்? டிரைவர் வரல, லோடு வரலன்னு ஆபீஸ்ல கம்ப்ளைண்டு குடுத்துகிறீங்க. நான் வரலையா? வாட்ச்மேன கேளு சார்!”

வாட்ச்மேன் தலையாட்டினார். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். தளும்பிக்கொண்டிருந்தது.

என் கணவர் மேலே என்னைப் பார்த்தார். “நீதானே கத்தின? டிரைவர் லோடு ஆகலைன்னு?”

“அது கம்ப்யூட்டர் டிரைவர்ங்க!”

முதலில் சிரித்தது லாரி டிரைவர். வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “கம்ப்யூட்டருக்கெல்லாம் டிரைவரு கீறாரா சார்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். என் கணவர் காது மடல் சிவக்க அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் மாடியிலிருந்து எதிர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். “அண்ணா! போயிடாதீங்க! எங்க பிளாக்ல காத்தாலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல. இந்தப் பக்கம் வுடுங்க!” அவர் தோளில் துண்டு கிடந்ததற்குக் காரணம் அதுதான். குழாயில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

லாரி நாதஸ்வரத்தோடு எதிர்ப் பக்கம் திரும்பியது. நான் உள்ளே ஓடினேன். நீலத் திரை வந்து, பத்து நொடி நின்று, போய்விட்டிருந்தது. திரை நிறைய பழைய குளறுபடி.

“விடுங்கக்கா,” என்றார் போனில். “குளிச்சிட்டு நானே வரேன். நீங்க எதையும் தொடாதீங்க.”

தண்ணீர் மேல் தொட்டிக்கு ஏறி, வீட்டில் எல்லாரும் குளித்து, அவர் வந்தபோது மணி இரண்டரை. தலை ஈரம் காயவில்லை. அவர் மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவில் வறுத்த நெத்திலி இருந்தது. என் கணவர் வாசலில் நின்று, “சாரி தம்பி, ஒரு பெரிய குழப்பம்” என்று ஆரம்பிக்க, “சார், நீங்கதான் எங்க பிளாக்குக்கே குலசாமி இன்னிக்கி” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். படுக்கையறையில் மூன்று பேர் உட்கார இடமில்லை. அவருக்கு நாற்காலி, எனக்குக் கட்டில் விளிம்பு, என் கணவருக்கு பீரோவோடு ஒட்டி நிற்கிற இடம்.

முதலில் என்னென்ன உடைந்திருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வீடியோ ஜன்னலை இழுத்துக் காட்டினேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். கம்பாசிட்டரை அணைத்துப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, எல்லாப் படத்தையும் பாவம் பிராசசர் ஒற்றை ஆளாகக் கையால் வரைந்துகொண்டிருக்கிறது என்றார். அந்த நேரத்தில் அழைப்புமணி அடித்தது.

கணக்கு ஆசிரியர். ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். வேட்டி சட்டை, கையில் மஞ்சள் பை, பையில் வாழைப்பழம். “வேளச்சேரி ரோடு காலியா இருந்ததும்மா, சீக்கிரம் வந்துட்டேன். ஒண்ணும் அவசரமில்லை, உட்கார்ந்திருக்கேன்” என்றவர், நேராக அறை வாசலுக்கு வந்து திரையைப் பார்த்தார்.

திரையில் அவருடைய மாப்பிள்ளை, மூலைக்கு மூலை, பத்துப் பேர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். விரல் நீட்டி எண்ணினார். “ஏம்மா, நாங்க ஒரு மாப்பிள்ளைக்குத்தானே பொண்ணு குடுத்தோம்?”

யாருக்கும் அடக்க முடியவில்லை. எதிர் வீட்டுக்காரர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் கணவர் பீரோ பக்கம் திரும்பி நின்றார், முதுகு மட்டும் குலுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் திறந்தால் சிரிப்புத்தான் வருகிறது. நல்லவேளை, அவரும் சிரித்தார். “இதுல யாரு சமைக்கத் தெரிஞ்சவரோ அவரை வெச்சுக்கலாம்” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். டிரைவர், வாட்ச்மேன், பத்து நொடி எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். “பத்து நொடியா? நான் எண்ணுறேன்” என்று கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுபடி மனு. பாஸ்வேர்டை நான் மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். “உங்க மெஷின், நீங்களே பண்ணுங்க.” என் கணவர் யாரும் கேட்காமலேயே போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, தன் போனையும் அணைத்துவிட்டு வந்தார். மெஷின் அணைந்தது. கறுப்பு. கம்பெனி முத்திரை. நீலம்.

“பத்து!” என்றார் ஆசிரியர், வகுப்பறைக் குரலில்.

கீழ் அம்பு. எண்ணிக்கை நின்றுவிட்டது, ஏதாவது விசையைத் தொட்டாலே நின்றுவிடுமாம். ஆனால் ஆசிரியர் நிற்கவில்லை. “ஒன்பது! எட்டு!” சாவியைச் சேர். தொடர்க. ஆம். “ஆறு!” பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூடத் திரையில் விழவில்லை. “அதுல ஒண்ணும் தெரியாதுக்கா, அடிச்சினே போங்க” என்று காதோரம் குரல். “நாலு! மூணு!” என்டர். பிழை. ஒரு எழுத்து மாறிவிட்டது. என் கணவர் “ஐயோ” என்றார். மறுபடி கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, விசையைப் பார்த்துக் குத்தினேன். என்டர்.

ஏற்றுக்கொண்டது. “ஒண்ணு!” என்றார் ஆசிரியர், வெற்றியோடு.

முகப்பு வந்ததும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தேன். அதன் ஓரத்தில் புகை மாதிரி மெல்லிசாக ஒரு நிழல் விழுந்தது. நிழலுக்காக நான் கைதட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஜன்னலைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் ஒன்றுமில்லை, சுத்தமாகத் துடைத்த தரை. மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன், வட்டமாகச் சுற்றினேன். “எல் எஸ் மோட் அடிங்கக்கா” என்றார் அவர், நான் அடித்தேன், டிரைவரின் பேர் முதல் வரியிலேயே இருந்தது. “லோட் ஆயிடுச்சு!” என்று கத்தப் போனவள், கணவர் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு வீடியோவை ஓட்டினேன். ஒரே மாப்பிள்ளை. தலையும் மீசையும் சேர்ந்தே குனிந்தன. அட்சதை பறந்தபோது ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கு முந்தின காட்சியைக் காட்டச் சொன்னார் ஆசிரியர். தாரை வார்க்கிற இடம். அவர் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்கிறார். செம்பிலிருந்து தண்ணீர் வழிகிறது. வெட்டும்போது அந்தக் காட்சியை நான் முப்பது முறையாவது பார்த்திருப்பேன். ஆனால் அவர் கட்டைவிரல் மகளின் மணிக்கட்டை விட்டு நகராமல் ஒரு கணம் கூடுதலாக நிற்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

“இன்னொரு தடவை போடும்மா,” என்றார். போட்டேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, நானே போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தோம், பீரோவைப் பார்த்தோம்.

முதலில் திரும்பியது எதிர் வீட்டுக்காரர்தான். “சார், ஒரு வேடிக்கை காட்டட்டா?” என்று மவுஸை வாங்கி, அமைப்புகளுக்குள் எங்கேயோ போய் ஒரு சின்னக் கட்டத்தில் குறி போட்டார். “இப்ப அந்த ஜன்னலைப் புடிச்சு ஆட்டுங்க.”

ஆசிரியர் மவுஸைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஜன்னல் அல்வாத்துண்டு மாதிரி தளதளவென்று ஆடியது. ஓரங்கள் வளைந்து, நெளிந்து, அடங்கி நின்றன. கார்டும் டிரைவரும் கம்பாசிட்டரும் ஒழுங்காக இருந்தால்தான் இது ஆடுமாம். வேறு எந்தப் பிரயோஜனமும் கிடையாதாம். ஆசிரியர் இன்னும் வேகமாக ஆட்டினார். அவர் முகத்தில் அழுகையின் ஈரம் காய்வதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. “இதை முன்னாடியே காட்டியிருந்தா நாப்பது வருஷம் வளைகோட்டுக்குப் படம் போட்டே கை வலிச்சிருக்காது” என்றார்.

அப்புறம் எதிர் வீட்டுக்காரர் ஆட்டினார், அப்புறம் நான். என் கணவர் நாலு வருஷமாக அந்த மெஷினைத் தொட்டதில்லை. தூசி தட்டுவதற்குக்கூட என்னைக் கேட்பார். அவர் வரிசையில் நிற்பது போல நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்து, கணக்குப் பிரிவு முகத்தோடு ஜன்னலை ஒரு மூலையில் பிடித்து உலுக்கினார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆசிரியர் வாழைப்பழத்தைப் பிரித்தார், நான் தேநீர் போட்டேன், எதிர் வீட்டம்மாவையும் பால்கனியிலிருந்து கூப்பிட்டோம். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து நெத்திலியைக் கொறித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து என் கணவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இங்க வந்து பாரேன், ரெண்டு ஜன்னலையும் ஒண்ணா ஆட்ட முடியுமா?”